எல்லைக்கோடு எழுதிய அரசியல்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதிகள் (1952–2021)

முன்னுரை

1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர், பதவியில் இருந்தபடியே வாக்குக் கேட்டுத் தோற்றார். அவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. ஊர் ராஜபாளையம், தோற்ற தொகுதி ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, 2021-ல், பக்கத்துத் தொகுதியான சிவகாசியை விட்டு ராஜபாளையத்துக்கு வந்து நின்ற அமைச்சர் ஒருவரும் தோற்றார். இந்த இரு தோல்விகளுக்கும் நடுவே இரண்டு தொகுதிகளும் கடந்துவந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொகுதி வரலாறு என்றால் வென்றவர் பெயர், கட்சி, வாக்கு வித்தியாசம் என்று பட்டியல் போடுவது வழக்கம். யார் வென்றார் என்பதை மட்டும் அந்தப் பட்டியல் சொல்லும். யார் நிற்க முடிந்தது, எந்த ஊரோடு எந்த ஊர் சேர்க்கப்பட்டது என்பவை அதில் தெரியாது. இவ்விரு தொகுதிகளைப் பொறுத்தவரை கட்சிகளின் ஏற்ற இறக்கத்தைவிட ஆழமான மாற்றத்தைக் கொண்டுவந்தவை இரண்டு: எல்லை வரையறை, பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி அறிவிப்பு. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

இரண்டு ஊர்கள், இரண்டு இயல்புகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். ஆண்டாள் கோயிலும் ஆடிப்பூரத் தேரும் தேரடியும் அதன் அடையாளங்கள். நகராட்சி 1894-லேயே வந்துவிட்டது. மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இன்றும் இங்கேதான் இருக்கிறது. பால்கோவா வாங்க வருகிறவர்களுக்கு இணையாக வழக்குக்கு வாய்தா வாங்க வருகிறவர்களும் பேருந்தில் வந்து இறங்கும் ஊர் இது.

ராஜபாளையம் பிற்காலத்தில் எழுந்த ஊர். விஜயநகரக் காலத்துக்குப் பின் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் குடியேறிய பாளையம் அது. பழையபாளையம், புதுப்பாளையம் என்ற தெருப் பெயர்கள் அந்தக் குடியேற்றத்தை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பருத்திச் சந்தை வளர்ந்தது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1940-ல் நகராட்சி வந்தது. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையம் நகராட்சியின் மக்கள்தொகை 1,30,442, ஸ்ரீவில்லிபுத்தூருடையது 75,396. பின்னால் வந்த ஊர் முன்னதைத் தாண்டிவிட்டது. முதலாளி, மில் தொழிலாளி, தொழிற்சங்கம் என்று தொழில் நகரத்துக்கே உரிய அரசியல் அதனோடு வளர்ந்தது.

இரண்டு ஊர்களும் முதலில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்க்கப்பட்டன. 1985-ல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காமராஜர் மாவட்டத்துக்கு வந்தன. அந்த மாவட்டமே பின்னர் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம் மட்டும் மூன்று முறை மாறியது. தொகுதிகளுக்கும் இதே கதைதான்.

1952: கோபுரத்தடியில் ஒரு தோல்வி

குமாரசாமி ராஜா 1898-ல் பிறந்தார். காந்தியவாதி. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பின், காமராஜரின் ஆதரவோடு, 1949 ஏப்ரலில் மாகாணப் பிரதமரானார். 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் அந்தப் பதவியின் பெயர் முதலமைச்சர் என்று மாறியது. அரசு முத்திரையில் ஏறியிருப்பது தங்கள் ஆண்டாள் கோயில் கோபுரம் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளும் பெருமை. அந்த முத்திரையைக் கொண்டு ஆட்சி நடத்தியவர் பக்கத்து ஊர்க்காரர். அவரைத் தோற்கடித்ததும் அதே கோபுரத்தடி ஊரின் பெயரைக் கொண்ட தொகுதிதான்.

இத்தோல்வியை உள்ளூர்க் கோபமாக மட்டும் பார்ப்பது பிழை. அன்று மாநிலம் முழுவதும் உணவுத் தட்டுப்பாடு. ரேஷன், நெல் கொள்முதல், கட்டுப்பாடு என்று குடியானவனும் நெசவாளியும் நொந்துபோயிருந்த காலம். 375 இடங்கள் கொண்ட பேரவையில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதலமைச்சரோடு எம். பக்தவத்சலம், பி. கோபால ரெட்டி உள்ளிட்ட அமைச்சர்கள் பலரும் தோற்றார்கள். ஏப்ரலில் ராஜாஜி பொறுப்பேற்றார். உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதே அவர் முதலில் எடுத்த பெரிய முடிவுகளுள் ஒன்று. மக்களின் கோபம் எதன்மேல் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் அதே தேர்தலில், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரையே கொண்ட மக்களவைத் தொகுதியில் காமராஜர் வென்றார். ஊரின் பெயர் ஒன்றுதான். மக்களவைக்கும் பேரவைக்கும் கோடு வேறு. ஒரு பெயர் ஒரே நேரத்தில் காங்கிரஸ் முதலமைச்சரைத் தோற்கடித்தது, மாநிலக் காங்கிரஸ் தலைவரை வெற்றிபெறச் செய்தது. ‘ஸ்ரீவில்லிபுத்தூர் காங்கிரசை நிராகரித்தது’ என்றோ ‘ஆதரித்தது’ என்றோ ஒற்றை வரியில் எழுத முடியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

குமாரசாமி ராஜா பின்னர் ஒரிசா ஆளுநராக இருந்து, 1957 மார்ச்சில் காலமானார். சொந்த வீட்டையே ஊருக்கு எழுதிவைத்தார். காந்தி கலை மன்றம் என்ற பெயரில் அது ராஜபாளையத்தில் நிற்கிறது. தோற்ற முதலமைச்சரின் நினைவை இன்று வைத்திருப்பது தொகுதியல்ல, அந்த வீடு.

1957: அதே பெயர், எதிர் அணி

காமராஜர் 1954-ல் முதலமைச்சராகி, குடியாத்தத்தில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார். 1957-ல் அவர் சாத்தூரிலிருந்து பேரவைக்கு வந்தார். அந்த ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் வென்றவர், அவருடைய கடும் அரசியல் எதிரியான உ. முத்துராமலிங்கத் தேவர். முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றிருந்த தேவர் அதைத் துறந்து மக்களவை இடத்தை வைத்துக்கொண்டார். அதனால் முதுகுளத்தூரில் இடைத்தேர்தல் வந்தது. அதைத் தொடர்ந்த பதற்றத்தின் நடுவே 1957 செப்டம்பர் 11-ல் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார்; கலவரம் மூண்டது.

தென்மாவட்டச் சாதி அரசியலின் பெரும் வடுவாக நிற்கும் அந்த ஆண்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்தல் முடிவுக்கும் இப்படி ஒரு கண்ணி உண்டு. பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயர் மக்களவைத் தொகுதிப் பட்டியலிலிருந்தே மறைந்தது. 2008 மறுவரையறைக்குப் பின் இரண்டு ஊர்களும் தென்காசி மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. அது தனித் தொகுதி. விருதுநகர் மாவட்டத்து மக்கள் தென்காசி எம்.பி.க்கு வாக்களிக்கிறார்கள். மாவட்டப் பிரச்சினைக்கு ஒரு திசை, நாடாளுமன்றத்துக்கு வேறு திசை.

1977–2006: தனியும் பொதுவும்

1977 முதல் 2006 வரை எட்டுச் சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. அந்த முப்பது ஆண்டுகளும் ராஜபாளையம் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பொதுத் தொகுதி. இவ்வளவு காலம் நீடித்ததற்குக் காரணம் உள்ளூரில் இல்லை, டெல்லியில் இருந்தது. 1976-ல் வந்த 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தொகுதி மறுவரையறையைக் காலவரையிட்டு நிறுத்திவைத்தது. அந்த நேரத்தில் எது தனியாக இருந்ததோ அது தனியாகவே நின்றுவிட்டது.

இந்தக் காலத்தில் இரண்டு தொகுதிகளும் நடந்துகொண்ட விதம் ஒப்பிடத்தக்கது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனிதரின் பெயர்தான் பேச்சு: இரா. தாமரைக்கனி. 1977, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அதிமுக வேட்பாளராக வென்றார். 1989-ல் தொகுதி திமுகவுக்குப் போனது. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வீசிய அலையில் அதிமுக 164 இடங்களும் காங்கிரஸ் 60 இடங்களும் வாரிச் சுருட்டின. அந்த அலைக்கு நடுவே தாமரைக்கனி சுயேச்சையாக நின்று வென்றார். 1996-ல் அலை திசைமாறி அதிமுகவையே அடித்துச் சென்றது; ஜெயலலிதாவே தோற்ற அந்தத் தேர்தலில் அவர் அதிமுக வேட்பாளராக வென்றார். இரண்டு முறையும் அலைக்கு எதிர்த்திசையில் கரையேறியவர். 2001-ல் கட்சி அவரை விட்டு அவர் மகன் இன்பத்தமிழனை நிறுத்தியது. தகப்பனார் மகனை எதிர்த்து நின்றார், மகன் வென்றார். கட்சியைவிட ஆள் பெரிது என்று கால் நூற்றாண்டு சொல்லிவந்த தொகுதியில், கடைசியில் கட்சிச் சின்னம் அந்த ஆளைத் தோற்கடித்தது. தோற்கடிக்க அவர் வீட்டுக்குள்ளேயே ஆள் தேட வேண்டியிருந்தது.

ராஜபாளையத்தில் இப்படி யாரும் வேர்பிடிக்கவில்லை. 1989-ல் திமுகவின் வி.பி. ராஜன், 1991-ல் அதிமுக, 1996-ல் மறுபடி ராஜன், 2001-ல் அதிமுக, 2006-ல் அதிமுகவின் எம். சந்திரா. இந்த ஐந்து தேர்தல்களில் வென்றவர் யாரும் அடுத்த தேர்தலிலும் தொடர்ந்து வெல்லவில்லை.

2008: இடம் மாறிய பலகை

2002-ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டப்படி, 2001 கணக்கெடுப்பைக் கொண்டு தொகுதிகள் திருத்தப்பட்டன. 2008-ல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள் 42-லிருந்து 44 ஆயின. பட்டியல் சாதி மக்கள் விகிதம் ஒப்பளவில் கூடுதலாக உள்ள தொகுதிகளை, மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவலாக இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. சுழற்சி முறை என்று ஊரில் பேசிக்கொள்வது உண்டு. சட்டமன்றத் தொகுதிக்கு அப்படியொரு சுழற்சி கிடையாது.

புதிய வரைபடத்தில் ராஜபாளையம் (எண் 202), ராஜபாளையம் நகராட்சியோடு சேத்தூர், செட்டியார்பட்டி பேரூராட்சிகளையும் சுற்றுக் கிராமங்களையும் கொண்டு பொதுத் தொகுதியானது. ஸ்ரீவில்லிபுத்தூர் (எண் 203), தன் நகராட்சியோடு வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, சுந்தரபாண்டியம், ச. கொடிக்குளம், மம்சாபுரம் ஆகிய பேரூராட்சிகளையும் மலையடிவார வேளாண் கிராமங்களையும் கொண்டு தனித் தொகுதியானது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ‘தனித் தொகுதி’ என்ற பலகை இடம் மாறியது.

பலகையோடு நடத்தையும் மாறியதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூரில் 2011-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னுப்பாண்டி, 2016-ல் அதிமுகவின் எம். சந்திரபிரபா, 2021-ல் அதிமுகவின் இ.எம். மான்ராஜ் என மூன்று தேர்தல்களில் மூன்று பேர். 2016-ல் வென்ற அதே கட்சி 2021-ல் வேறொருவரை அனுப்பியது. ராஜபாளையத்தில் 2011-ல் அதிமுகவின் கே. கோபால்சாமியிடம் தோற்ற திமுகவின் சு. தங்கப்பாண்டியன், 2016-லும் நின்றார், வென்றார். 2021-ல் சிவகாசியை விட்டு வந்த அமைச்சர் கே.டி. ராஜேந்திர பாலாஜியை நான்காயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் வென்று தொடர்ந்தார். தனித் தொகுதியாக இருந்தவரை ராஜபாளையத்தில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார். பொதுவானதும் ஒருவர் வேர்பிடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நேர் எதிர்.

இதற்கு இடையில் கம்யூனிஸ்டுகளின் இடம் தனித்துச் சொல்லத்தக்கது. 2006-ல் திமுக அணியில் நின்று டி. ராமசாமி ஸ்ரீவில்லிபுத்தூரை வென்றார். 2011-ல் அதிமுக அணிக்கு மாறி அதே கட்சி அதே தொகுதியை மறுபடி வென்றது. 2009-ல் தென்காசி மக்களவைத் தொகுதியையும் அக்கட்சியின் பொ. லிங்கமே வென்றார். தொகுதியின் தன்மை மாறியும், அணி மாறியும், கட்சி நின்றது. கூட்டணிக் கணக்கு மட்டும் இதை விளக்காது. விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் இடையே சங்கம் போட்டு வளர்ந்த கட்சிக்கு இந்த வட்டாரத்தில் சொந்தக் கால் இருந்தது.

2021: எண்ணப்பட்ட வாக்குகள்

2021 ஏப்ரல் 6-ல் வாக்குப்பதிவு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் காங்கிரஸ் வேட்பாளர் பி.எஸ்.டபிள்யூ. மாதவராவ் கொரோனா தொற்றால் மருத்துவமனையில் இருந்தார். அவருக்காக மகள் வாக்குக் கேட்டார். ஏப்ரல் 11-ல் மாதவராவ் இறந்தார். வாக்குப்பதிவுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர் இறந்தால் தேர்தல் தள்ளிவைக்கப்படும்; பதிவு முடிந்தபின் இறந்தால் வாக்கு எண்ணிக்கை நிற்காது. மே 2-ல் எண்ணினார்கள். இறந்தவருக்கு விழுந்த வாக்குகளும் எண்ணப்பட்டன. அவர் வென்றிருந்தால் இடைத்தேர்தல் வந்திருக்கும். மான்ராஜ் வென்றதால் வரவில்லை.

முடிவுரை

தனித் தொகுதியில் எம்.எல்.ஏ. வேர்பிடிக்காததற்கு இடஒதுக்கீட்டைக் குறைசொல்ல முடியாது. இடஒதுக்கீடு நாற்காலியைத்தான் தரும். அடுத்த முறை சீட்டு யாருக்கு என்று மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், நகரச் செயலாளர் சொல்லும் சொல்லுக்குக் கட்சித் தலைமையிடம் எடை அதிகம். அந்தப் பதவிகளுக்கு எந்த இடஒதுக்கீடும் இல்லை. வட்டாரத்தின் வலுத்த சாதிகள் அவற்றை எளிதில் விடுவதும் இல்லை. தொகுதிக்குள் தனக்கென்று கட்சி ஆள்பலம் இல்லாத உறுப்பினர், ஐந்தாண்டு முடிந்ததும் மாற்றப்படக்கூடியவராகிறார். பொதுத் தொகுதியில் தாமரைக்கனி போன்ற ஒருவர் கட்சியையே மீறி நிற்க முடிந்தது. முப்பது ஆண்டுகள் தனியாக இருந்த ராஜபாளையத்தில் அப்படி ஒருவர் எழவில்லை. இரண்டு ஊர் மக்களின் குணவேறுபாடு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. பலகை இடம் மாறியதும் நடத்தையும் இடம் மாறியதே அதற்குச் சான்று.

தொகுதி மறுவரையறையை நிறுத்திவைக்க 84-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் விதித்த காலவரை 2026-உடன் முடிகிறது. அதன்பின் எடுக்கப்படும் கணக்கெடுப்பைக் கொண்டு கோடு மறுபடி நகரலாம், பலகையும் மறுபடி மாறலாம். அது எந்த ஊரில் விழுந்தாலும், ஒன்றியச் செயலாளர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மாறாதவரை, அந்த ஊரின் எம்.எல்.ஏ. ஐந்தாண்டு விருந்தாளியாகவே இருப்பார்.