ஆசான் வீட்டிலிருந்து காரக்கோணம் வரை: தென் திருவிதாங்கூர் எல்லை ஊர்களில் வைத்தியப் பயிற்சியின் வரலாறு

தென் திருவிதாங்கூரில் வைத்தியம் கற்க நினைத்தவருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆசான் வீடுதான் பள்ளிக்கூடம். பாறசாலை, காட்டாக்கடை, வெள்ளறடை வட்டாரத்திலும் கிழக்கே விளவங்கோடு, கல்குளம் ஊர்களிலும் வர்ம ஆசான்கள் சீடனை ஆண்டுக்கணக்கில் கூடவே வைத்துக்கொண்டார்கள். முதலில் அவன் பச்சிலை பறித்தான், எண்ணெய் காய்ச்சினான், எலும்பு முறிந்து வந்தவரின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடலின் உயிர்நிலைகளான வர்ம இடங்களும், அங்கே அடிபட்டதைச் சரிசெய்யும் இளக்குமுறையும் கடைசியாகத்தான் கைக்கு வந்தன. உயிர்நிலை தெரிந்தவனுக்கு உயிரைக் காக்கவும் முடியும், எடுக்கவும் முடியும் என்பதால் சீடனின் குணத்தை நன்றாகப் பார்த்த பிறகே ஆசான் மேல்பாடத்துக்குப் போனார். பேறுகாலம் பார்க்க மருத்துவச்சி இருந்தாள். மலையாளம் பேசும் வீடுகளில் அவளுக்கு வயற்றாட்டி என்று பெயர். அவள் தாயிடமோ மாமியிடமோ கைப்பழக்கமாகக் கற்றவள்.

இந்த முறையில் கற்றவன் கற்ற ஊரிலேயே தங்கினான். அதுதான் அதன் பலம். ஆனால் உறவும் சாதியும் கதவைக் காத்தன. ஒரு வீட்டின் அறிவு அடுத்த வீட்டுக்குப் போகாமலே அழிந்ததும் உண்டு. அதற்குப் பின் வந்த ஒன்றரை நூற்றாண்டில் பயிற்சியின் தரம் படிப்படியாக உயர்ந்தது. அப்படி உயர்ந்த ஒவ்வொரு கட்டத்திலும் பயின்றவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதே இங்கே ஆராயப்படுகிறது. தொண்டு மனப்பான்மையைத் தனிமனிதரின் நெஞ்சில் மட்டும் தேடினால் இந்த வரலாறு விளங்காது. பயிற்சி கொடுத்தவர்கள் பயின்றவருக்கு வேலை செய்யும் இடத்தையும் சேர்த்தே ஏற்பாடு செய்தார்களா என்று பார்த்தால்தான் விளங்கும்.

இலண்டன் மிஷனரி சங்கத்தை இன்றும் இப்பகுதியில் எல்.எம்.எஸ். என்றே சொல்கிறார்கள். அதன் மிஷனரியான சார்லஸ் மீட் 1828-இல் நாகர்கோவிலிலிருந்து நெய்யூருக்குக் குடிபெயர்ந்தார். பத்தாண்டு கழித்து, 1838-இல், ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் அங்கே வந்து வைத்தியப் பணியைத் தொடங்கினார். அது நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் அவர் விலகினார். 1850-களின் தொடக்கத்தில் வந்த சார்லஸ் லீச் 1854-இல் கடலில் குளிக்கும்போது மூழ்கி இறந்தார். அடுத்த மருத்துவர் ஜான் லோ வந்து சேர்ந்தது 1861-இல்தான். கப்பலேறி வரும் ஒரே ஆளை நம்பி ஆஸ்பத்திரி நடத்தினால், அவர் போன அன்று கதவை மூட வேண்டியதாகும் என்பதை நெய்யூர் இரண்டு முறை கண்டுவிட்டது.

லோ உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு தொடங்கியதற்கு இந்த அனுபவமே பின்னணி. வார்டுதான் வகுப்பறை. புண்ணைக் கழுவிக் கட்டுவது, மருந்து கலப்பது, அறுவைக்கு உதவுவது என்று வேலையோடு பாடமும் நடந்தது. பயின்றவர்களுக்கு மிஷன் ‘மருத்துவ நற்செய்தியாளர்’ என்று பெயர் வைத்தது. மதம் பரப்புவது அதன் வெளிப்படையான நோக்கம். அதை மறைத்து இவ்வரலாற்றை எழுத முடியாது. ஆனால் அந்த நோக்கத்தின் உள்ளே இன்னொரு காரியமும் நடந்தது. பயின்றவர்களைக் கிளை ஆஸ்பத்திரிகளில் அமர்த்தினார்கள். நெய்யூரில் படித்து முடிப்பவருக்கு எந்த ஊர், எந்தக் கட்டடம், யாரிடம் ஆலோசனை கேட்பது, கடினமான நோயாளியை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்ந்திருந்தன. லோ பிறகு எடின்பரோ திரும்பி, அங்கே மருத்துவ மிஷனரிகளைப் பயிற்றுவிக்கும் நிறுவனத்தை நடத்தினார். மருத்துவ மிஷன்களைப் பற்றி 1886-இல் நூலும் எழுதினார். நெய்யூரில் கிடைத்த பாடம் ஸ்காட்லாந்துக்கும் போனது.

பெண்கள் மேலாடை அணியும் உரிமையைப் பற்றி எழுந்த தோள்சீலைக் கலகத்தின் சூடு தணியாத காலம் அது. மேலாடை பற்றிய அரச அறிவிப்பு 1859-இல்தான் வந்தது. பொதுச் சாலையில் நடப்பதற்கே சிலருக்குத் தடை இருந்த நாட்டில், நேற்றுவரை தீட்டு என்று விலக்கப்பட்டவன் இன்று மிஷனில் பயின்று நாடி பிடித்தான். நோயாளி கையை நீட்டத்தான் வேண்டியிருந்தது.

இதே 1860-களில் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் எடுத்த முடிவு ஒப்பிடத்தக்கது. 1847-இல் இலங்கை வந்து மானிப்பாயில் பணிசெய்த அந்த அமெரிக்க மருத்துவர், முதலில் ஆங்கிலத்தில்தான் வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேறிய மாணவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலான நூல்களை அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கினார்கள். தமிழில் படித்தவர் தமிழர் நடுவே தங்குவார் என்பது அவர் கணக்கு. கிறீன் மொழியைக் கொண்டு மாணவரை ஊரோடு பிணைத்தார். லோ கிளை ஆஸ்பத்திரியைக் கொண்டு பிணைத்தார். பயின்றவரை ஊரில் நிறுத்துவது எப்படி என்பதே இருவருக்கும் முன் நின்ற சிக்கல்.

மிஷனுக்கு வெளியே இந்தச் சிக்கல் தலைகீழாக இருந்தது. சென்னையில் மருத்துவம் படித்துத் தேறிய ஈழவரான பத்மநாபன் பல்புவுக்குச் சொந்த நாடான திருவிதாங்கூர் சாதியைக் காரணமாக்கி வேலை மறுத்தது. அவர் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்து, பெங்களூரில் பிளேக் பரவியபோது உயிரைப் பொருட்படுத்தாமல் வேலை செய்தார். ஊருக்கு உழைக்க மனமும் உயர்ந்த படிப்பும் இருந்தும் அவரை நிற்கவைக்க ஊரில் இடமில்லை. 1896-இல் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட ஈழவர் மனு அரசுக்குப் போனதற்குப் பின்னால் இந்தக் காயம் இருந்தது.

நாகர்கோவிலில் இரட்சணிய சேனை அதிகாரியாக இருந்த ஹாரி ஆண்ட்ரூஸின் கதை வேறு விதமானது. 1893-இல் தம் குடியிருப்பின் குளியலறையையே மருந்தகமாக்கி வைத்தியம் பார்த்தபோது அவர் மருத்துவர் இல்லை. காலராவும் புண்களும் அவருடைய அறியாமையை அவருக்குக் காட்டின. விடுமுறைகளைப் பயிற்சிக்குச் செலவிட்டு, பின்னாளில் அமெரிக்காவில் முறையாக மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றார். அந்தக் குளியலறையின் வழிவந்ததே இன்றைய கேதரின் பூத் ஆஸ்பத்திரி. 1919-இல் வசீரிஸ்தானில் காயம்பட்ட படைவீரர்களைக் காக்கும்போது இறந்த அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அவரிடம் தொண்டு முதலில் வந்தது, படிப்பு அதன் பின்னே வந்தது. இந்த வரிசைக்கு இடம் கொடுக்கும் கல்வி முறை இன்று நம்மிடம் அநேகமாக இல்லை என்பதால்தான் அவரை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண்களின் பயிற்சிக்கு அரசுப் பக்கத்திலிருந்து வழி திறந்தவர் மேரி புன்னன் லூக்கோஸ். பெண் என்பதால் திருவனந்தபுரத்தில் அறிவியல் பாடம் மறுக்கப்பட்டு, இலண்டன் சென்று 1915-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு திரும்பி வந்து தைக்காடு பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றார். பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரி வரப் பெண்கள் தயங்கினார்கள். அவர் பழைய மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய பிள்ளைகளையே அழைத்துப் பேறுகாலப் பயிற்சி கொடுத்தார். வீட்டுக்குள் நுழையும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. கைகழுவுவதும் கருவியைக் கொதிக்கவைப்பதும் அந்த உரிமையோடு சேர்ந்து உள்ளே போயின. 1938-இல் அவர் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை ஏற்பட்டதும் அவருடைய முயற்சியால்தான்.

நெய்யூரின் உச்சக் காலம் ஹோவர்ட் சாமர்வெல்லோடு சேர்ந்தது. கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் படித்த அவர் 1916-இல் சோம் போர்க்களத்தின் பின்னணியில், ஆயிரக்கணக்கான காயம்பட்டோர் தரையில் கிடந்த முகாமில் கத்தி பிடித்தவர். 1922-இல் எவரெஸ்ட் பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்தார்கள். தாங்கள் உயிர்தப்பியது அவர் நெஞ்சை அறுத்தது. அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் கண்டது, வரிசை தீராத நோயாளிகளையும் ஓய்வில்லாமல் களைத்துப்போன மருத்துவரையும். இலண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரில் சேர்ந்தார். 1924-இல் மறுபடி எவரெஸ்ட்டுக்குப் போய், ஆக்சிஜன் கருவி இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் ஏறித் திரும்பினார். ஊரில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மலையைத்தான் சொல்கிறார்கள். இவ்வட்டார வரலாற்றுக்கு அவருடைய அறுவை மேசையே முக்கியம்.

தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் மிகுதியாக இருந்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி எலும்பும் தோலுமாக வருபவர்களுக்கு இரைப்பையையும் சிறுகுடலையும் இணைக்கும் அறுவையை அவர் பெருந்தொகையில் செய்தார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தால் கன்னத்துக்குள் புற்று வளர்ந்தவர்களுக்கு ரேடியம் சிகிச்சை நெய்யூரில் கிடைத்தது. 1936-இல் அவரும் சக மருத்துவர் இயன் ஓரும் இரைப்பை அறுவை பற்றி பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். உயர்பயிற்சி என்பது நகரத்துக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு வருவது என்றே நாம் பழகிவிட்டோம். இங்கே உலகத்துக்குப் புதிய செய்தி கிராமத்து வார்டிலிருந்து போயிருக்கிறது. அவர் கிளை ஆஸ்பத்திரிகளுக்கு முறைவைத்துக் காரில் போனார். அங்கிருந்த உள்ளூர் மருத்துவர் பொறுக்கி நிறுத்தியிருந்த நோயாளிகளுக்கு அங்கேயே அறுவை நடந்தது. பக்கத்தில் நின்று பார்த்தவரின் கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேர்ந்தது. தொடர்கல்வி என்று இன்று சொல்வதற்கு இதைவிடச் சரியான முறையை நான் அறியேன்.

இந்த முறை முடிவுக்கு வந்ததற்குக் குற்றவாளி யாரும் இல்லை. மருத்துவர் பதிவுச் சட்டங்கள் வந்தன. 1953-இல் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர் சட்டமும் செவிலியர், பேறுகாலத் தாதியர் சட்டமும் இயற்றப்பட்டன. வார்டில் நின்று கற்றவரைக் காட்டிலும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரைத்தான் சட்டம் கேட்டது. மக்களின் பாதுகாப்புக்கு அது தேவை. 1918-இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் இதே நெருக்கடியில் சிக்கி, 1942-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்து தப்பியது. சாமர்வெல் தம் கடைசிப் பணிக்காலத்தை அந்த வேலூரில் ஆசிரியராகக் கழித்தார். 1951-இல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வந்தது. அதன்பின் எல்லை ஊர்ப் பிள்ளைக்கு டாக்டர் படிப்பு என்பது தலைநகருக்குப் போவது என்றாயிற்று.

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை நடுவே விழுந்தது. நெய்யூர் இருந்த கல்குளம் தமிழகத்தோடு சேர்ந்தது. பாறசாலை, காட்டாக்கடை அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) கன்னியாகுமரி, தென் கேரளம் என்று இரண்டு திருமண்டலங்களாகப் பிரிந்தது. தலைமை ஆஸ்பத்திரி ஒரு பக்கம், அதன் வழிவந்த கிளைகளில் பல மறுபக்கம். நோயாளி பஸ் ஏறி எல்லை தாண்டினான். பணிமாற்றமும் பயிற்சியும் அப்படித் தாண்டவில்லை.

இந்த இழப்புக்குப் பதிலாக, எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் 2002-இல் தென் கேரளத் திருமண்டலம் டாக்டர் சாமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. ரப்பர் தோட்டமும் மரச்சீனிக் கிழங்கும் நிறைந்த ஊரில் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது சிறிய காரியம் இல்லை. ஆனால் நுழைவுத் தேர்வு, கட்டணம், மேற்படிப்புப் போட்டி இவற்றின் வழியே வரும் மாணவருக்குக் கிளை ஆஸ்பத்திரி காத்திருப்பதில்லை; அவருடைய கண் அடுத்த முதுகலை இடத்தின் மேல் இருக்கிறது. அதற்காக அவரைக் குறைசொல்வது நியாயமில்லை. லோவின் மாணவனுக்குப் படிப்போடு ஊரும் கொடுக்கப்பட்டது. இவருக்குப் பட்டம் மட்டும் கொடுக்கப்படுகிறது. நர்சிங் படித்த பெண்களுக்கும் இதே நிலைமைதான். கடனைத் தீர்க்கவும் தங்கையைக் கட்டிக்கொடுக்கவும் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போகிறவளுக்கு ஊரில் ஒப்பான சம்பளத்தை யாரும் முன்வைக்கவில்லை.

ஆசான் மரபும் கல்லூரிக்குள் போயிருக்கிறது. குமரி மாவட்டத்து முன்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கம் சித்த மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. மாநிலம் மாறியும் சங்கத்தின் பெயரில் பழைய நாடு இருக்கிறது.

பழைய கிளை ஆஸ்பத்திரி முறைக்கு இன்று மிக அருகில் நிற்பது, 2008-இல் கேரளம் வகுத்த நோய்த்தணிப்புக் கொள்கையின் கீழ் பஞ்சாயத்துகள் நடத்தும் வீட்டுப் பராமரிப்பு. குறுகிய காலச் சிறப்புப் பயிற்சி பெற்ற நர்ஸ் ஆஷா பணியாளரோடு வீடு வீடாகப் போகிறார். சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார். படுக்கைப் புண்ணில் அழுகிய சதையை நீக்கிக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுகிறார். எந்தப் பக்கம் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருமகளுக்கோ மகனுக்கோ கைபிடித்துக் காட்டுகிறார். வலி கூடியிருந்தால் மருத்துவருக்குச் சொல்லி மருந்தளவைத் திருத்தக் கேட்கிறார். படிப்பு சிறியது, ஆனால் ஊரும் வீடும் வேலையும் மேல் ஆலோசனையும் அந்தப் படிப்போடு சேர்ந்தே தீர்மானமாகியிருக்கின்றன.

இந்தப் பணிக்கு மேலே ஏணி வேண்டும். பஞ்சாயத்து நர்சாகச் சில ஆண்டுகள் உழைத்தவருக்குக் காரக்கோணத்திலோ திருவனந்தபுரத்திலோ சம்பளத்தோடு மேற்படிப்பு இடம் ஒதுக்கலாம். படித்து முடித்தபின் அதே தாலுகாவில் உயர்ந்த பதவியும் நிரந்தர வேலையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். அவர் பார்க்கும் நோயாளிகளின் பதிவேடுகளே ஆய்வுக்கும் கட்டுரைக்கும் போதுமான பொருள் தரும். நெய்யூரின் இரைப்பை அறுவைக் கட்டுரைக்குப் பொருள் கிடைத்ததும் அப்படித்தான்.