கோடை விடுமுறையும் ஏழைச் சிறாரின் கல்வியும்
ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவிலே பாடசாலைகள் கோடையில் ஏறத்தாழப் பத்து வாரங்கள் மூடப்பட்டிருப்பதற்கு அந்நாட்டின் பழைய விவசாய வாழ்க்கையே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. பிள்ளைகள் பெற்றோருடன் வயலில் வேலை செய்வதற்காகவே இவ்விடுமுறை தோன்றியது என்பர். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்விளக்கம் வரலாற்றுச் சான்றுகளின் முன் நிலைபெறுவதன்று. விதைப்பு வசந்தத்திலும் அறுவடை இலையுதிர் காலத்திலும் நடைபெறுவன. ஆதலால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாட்டுப்புறப் பாடசாலைகள் குளிர்காலத் தவணை, கோடைத் தவணை என இரு தவணைகளாகவே பெரும்பாலும் இயங்கின. கோடையில் அவை திறந்திருந்தன.

நீண்ட விடுமுறை நகரத்திலே பிறந்ததாகும். 1840களில் பெருநகரங்கள் சிலவற்றில் ஆண்டுக்கு 240 நாட்களுக்கு மேலாகவும் வகுப்புக்கள் நடைபெற்றன. ஆயின் கோடை வெப்பத்தில் காற்றோட்டமற்ற வகுப்பறைகள் தாங்கொணாதனவாயின. தொற்றுநோய் அச்சம் நிலவியது. வசதி படைத்தோர் குடும்பத்துடன் கடற்கரையையும் மலைநாட்டையும் நாடினர். இடைவிடாத படிப்பு இளம் மூளையைக் களைப்புறச் செய்து நோய்க்கு ஆளாக்கும் என்ற கருத்தும் மருத்துவரிடையேயும் கல்விச் சீர்திருத்தவாதிகளிடையேயும் செல்வாக்குப் பெற்றிருந்தது. இவ்வாறு நகரப் பாடசாலைகள் தம் கோடை நாட்களைக் குறைக்க, நாட்டுப்புறப் பாடசாலைகள் தம் குளிர்கால நாட்களைக் கூட்டி நகரத்தைப் பின்பற்றின. செல்வரின் ஓய்வுப் பழக்கத்துக்கு இசைந்த ஒரு நாட்காட்டி காலப்போக்கில் நாட்டுக்கே பொதுவாயிற்று என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

ஓய்வுக்குச் செல்ல இடமற்ற பிள்ளைகளின் நிலை யாது? இவ்வினாவிலிருந்தே விடுமுறைப் பள்ளிகளின் வரலாறு தொடங்குகிறது. 1866இல் பொஸ்ரன் நகரின் முதல் தேவாலயத்தில் நடத்தப்பட்ட வகுப்பே இவற்றின் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது. 1885இல் நெவார்க் நகரக் கல்விச் சபை பொதுப் பணத்தில் இத்தகைய பள்ளிகளை நடத்த முன்வந்தது. நியூயோர்க்கில் 1894ஆம் ஆண்டு ஏழைகளின் நிலையை மேம்படுத்தும் சங்கம் அவற்றைத் தொடங்கிற்று. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அங்கும் பொறுப்பு நகரக் கல்விச் சபையிடம் சென்றது. சிக்காகோவிலோ மாதர் கழகங்கள் ஒன்றுகூடி நிதி திரட்டின.

அக்காலத்து நியூயோர்க்கின் கீழைப்பகுதி, இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளரால் நிரம்பி வழிந்தது. அவர்களது நெருக்கமான அடுக்குக் குடியிருப்புக்களை யேக்கப் ரீஸ் 1890இல் வெளியிட்ட நூலிலே படம்பிடித்துக் காட்டினார். ஒளி புகாத அறைகளில் கோடையைக் கழிக்க இயலாத சிறுவருக்குத் தெருவே விளையாட்டிடமாயிற்று. விடுமுறைப் பள்ளிகளை நிறுவியோரை இயக்கியது இரக்கம் மட்டுமன்று. தெருவில் அலையும் பிள்ளைகள் குற்றவாளிகளாகிவிடுவர் என்ற நடுத்தர வர்க்க அச்சமும், அந்நியரை அமெரிக்கராக்க வேண்டும் என்ற அவாவும் அதனோடு கலந்திருந்தன. இதனை மறைத்து அவர்களைத் தூய வள்ளல்களாகச் சித்திரிப்பது வரலாறாகாது.

எனினும் அவர்கள் உருவாக்கிய கல்வி புதுமையானது. வழமையான பாடநூல்களுக்கு அங்கு இடமில்லை. மரவேலை, தையல், சமையல், இசை, இயற்கைக் கல்வி, விளையாட்டு, நகர்ப்புறத்துக்கு அப்பாலுள்ள வயல்வெளிகளுக்கும் கடற்கரைக்கும் சுற்றுலா ஆகியனவே பாடத்திட்டமாயின. வருகை கட்டாயமன்று. அவ்வாறிருந்தும் பிள்ளைகள் திரண்டு வந்தனர். இடமின்மையாற் பலரைத் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. பத்து மாதம் வகுப்பிலிருந்த அதே பிள்ளைகள் கட்டாயமின்றியே வாயிலில் நெருங்கி நின்றமை, வழமையான பாடசாலையைப் பற்றிய மௌனமான ஒரு கண்டனம் எனலாம்.

இப்பண்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. கல்விச் சபைகளின் ஆட்சிக்குட்பட்ட பின்னர், முதலாம் உலகப் போரை அண்டிய ஆண்டுகளில் விடுமுறைப் பள்ளிகள் படிப்படியாகத் தவறிய பாடங்களை மீளப் படிக்கும் கோடைப் பள்ளிகளாக மாறின. களிப்போடு நாடப்பட்ட இடம் தண்டனை போன்று கருதப்படலாயிற்று.

1964ஆம் ஆண்டுக் கோடையில் மிசிசிப்பி மாநிலத்தில் தோன்றிய சுதந்திரப் பள்ளிகள் முற்றிலும் வேறொரு நோக்குடையன. அம்மாநிலம் ஒரு கறுப்பின மாணவருக்குச் செலவிட்ட பணம், வெள்ளையின மாணவர் ஒருவருக்குச் செலவிட்டதில் ஏறக்குறையக் காற்பங்கேயாகும். பருத்தி விளையும் பகுதிகளிலே கறுப்பின மக்களின் பாடசாலைகள், பருத்தி பறிக்கும் காலத்தில் மூடப்பட்டு அதற்கீடாகக் கோடையிலே திறக்கப்படுவதும் உண்டு. நாட்காட்டியைத் தோட்டச் சொந்தக்காரரின் தேவையே தீர்மானித்தது. விவசாயமே காரணம் என்ற விளக்கம் உண்மையாய்ப் பொருந்தும் இடம் இதுவே.

வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த சாள்ஸ் கொப் என்பவர் 1963 டிசெம்பரில் இப்பள்ளிகளுக்கான திட்டத்தை முன்வைத்தார். கறுப்பின மாணவர் வினா எழுப்பாதிருக்கவே பயிற்றப்படுகின்றனர் என்பதும், வினா எழுப்பக் கற்பிப்பதே முதற்பணி என்பதும் அத்திட்டத்தின் அடிப்படை. ஆயிரம் பேரை எதிர்பார்த்திருந்த அமைப்பாளரிடம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தனர். நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் திறக்கப்பட்டன. தேவாலய மண்டபங்களிலும் வீட்டு முற்றங்களிலும் மரநிழலிலும் வாசிப்பு, எழுத்து, கறுப்பின மக்களின் வரலாறு, குடியுரிமை ஆகியன கற்பிக்கப்பட்டன. சிறுவரோடு முதியோரும் அமர்ந்து படித்தனர்.

இதற்குச் செலுத்தப்பட்ட விலை பெரிது. நெஷோபாப் பகுதியில் பள்ளி நடத்த இடமளிக்க இசைந்த சீயோன் மலைத் தேவாலயம் யூன் 16ஆம் நாள் எரிக்கப்பட்டது. அதனைப் பார்வையிடச் சென்ற யேம்ஸ் சேனி, மைக்கேல் சுவேர்ணர், அன்ட்ரூ குட்மன் என்னும் மூவரும் யூன் 21ஆம் நாள் இரவு கொல்லப்பட்டனர். பள்ளிகள் யூலையில் திறக்கப்பட்டபோது அம்மூவரும் காணாமற்போனதைப் பெற்றோர் பலரும் அறிந்திருந்தனர். அறிந்தும் அவர்கள் பிள்ளைகளை அனுப்பினர். ஆகஸ்டில் இம்மாணவர்களின் பேராளர் மெரிடியன் நகரில் மாநாடு கூடித் தம் கோரிக்கைகளைத் தீர்மானங்களாக நிறைவேற்றினர்.

மறு ஆண்டு, 1965 கோடையில், சனாதிபதி ஜோன்சனின் அரசாங்கம் தொடங்கிய ஹெட் ஸ்ராட் திட்டத்தின் கீழ் ஐந்து இலட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஏழைப் பிள்ளைகள் எட்டு வாரம் முன்பள்ளிக் கல்வி பெற்றனர். எட்டு வாரம் போதாது என்பது விரைவில் உணரப்பட்டமையால் அது ஆண்டு முழுவதும் நடைபெறும் திட்டமாக விரிவடைந்தது.

கோடையில் உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதைச் சமூகவியலாளர் ஆராயத் தொடங்கியது இதன் பின்னரேயாம். அற்லாந்தா மாணவரை ஆராய்ந்த பாபரா ஹெயின்ஸ் 1978இல் வெளியிட்ட நூலில், செல்வரின் பிள்ளைகளுக்கும் வறியோரின் பிள்ளைகளுக்குமிடையிலான கற்றல் இடைவெளி விடுமுறையிலேயே பெரிதும் விரிகிறது என எடுத்துக்காட்டினார். 1982இல் பால்ரிமோரில் ஏறத்தாழ 790 முதல் வகுப்பு மாணவருடன் ஆய்வைத் தொடங்கிய டோறிஸ் என்ட்விசிலும் கார்ல் அலெக்சாந்தரும் அதே முடிவை வலுவாகக் கூறினர். அவர்கள் அதனைத் தண்ணீர்க் குழாய்க்கு ஒப்பிட்டனர். பாடசாலை நடக்கும்போது குழாய் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. விடுமுறையில் வறியோர் வீட்டில் அது மூடப்பட்டுவிடுகிறது.

இம்முடிவை ஐயத்துக்கப்பாற்பட்டதாகக் கொள்ளலாகாது. பழைய தேர்வுகளில் புள்ளியிடப்பட்ட முறையே இவ்விடைவெளியை மிகைப்படுத்தியிருக்கலாம் என 2019இல் போல் வொன் ஹிப்பெலும் பிறரும் வாதிட்டனர். பிந்திய தேர்வுகளைக் கொண்டு நோக்குமிடத்து, இடைவெளியின் பெரும்பகுதி பிள்ளைகள் பாடசாலைக்குள் நுழையுமுன்பே தோன்றிவிடுகிறது என்பது அவர் கருத்து. எனினும் கோடையில் பெரும்பாலான பிள்ளைகளின் கற்றல் மிக மந்தமடைகிறது என்பதை இரு சாராரும் மறுக்கவில்லை. பின்தங்கியோர் முன்னேறிச் சேர்ந்துகொள்வதற்கு வாய்ப்பான காலமும் அதுவேயாகிறது.

ஹெயின்சின் நூலில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. கோடைகாலக் கற்றலோடு உறுதியான தொடர்புடையதாக அவர் கண்டது பிள்ளை வாசித்த நூல்களின் எண்ணிக்கையை. அவ்வகையில் மிகுதியாக உதவிய பொது நிறுவனம் நூலகம். இதன் வழியிலேயே றிச்சர்ட் அலிங்ரனும் அன் மக்கில்-பிறான்சனும் புளோறிடாவின் வறிய பகுதிப் பாடசாலைகளில் ஓர் எளிய முயற்சியை மேற்கொண்டனர். மூன்று கோடைகள் தொடர்ந்து, விடுமுறைக்கு முன்னர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பன்னிரண்டு நூல்கள் வழங்கப்பட்டன. ஆசிரியர் எவரும் நூலைத் தெரிவுசெய்யவில்லை, பிள்ளைகளே தெரிந்தெடுத்தனர். பரிசு பெற்ற இலக்கியங்களைக் காட்டிலும் பாடகர், திரைப்பட நட்சத்திரங்கள் பற்றிய நூல்களையே அவர்கள் பெரிதும் விரும்பி எடுத்துச் சென்றனர். 2010இல் வெளியான முடிவுகளின்படி, நூல் பெறாத பிள்ளைகளிலும் இவர்களது வாசிப்புத் திறன் உயர்ந்திருந்தது. மிக வறிய வீட்டுப் பிள்ளைகளிடையே அவ்வுயர்வு கூடுதலாகக் காணப்பட்டது.