டிப்ளமா இல்லாத கோச்

1980 நவம்பர், ஆம்ஸ்டர்டாம். ட்வென்டே அணிகிட்ட அயாக்ஸ் 1-3னு பின்தங்கி நிக்குது. கேலரியில இருந்த யோஹான் க்ரைஃப் இறங்கி வர்றார், கோச் லியோ பேன்ஹாக்கர் பக்கத்துல உட்கார்ந்து யார் எங்க நிக்கணும்னு சொல்ல ஆரம்பிக்கிறார். அயாக்ஸ் 5-3ல ஜெயிச்சுது. பேன்ஹாக்கர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க!

அப்போ க்ரைஃப் வெறும் ஆலோசகர். 1984ல ஆட்டத்தை விட்டார், அடுத்த வருஷமே அயாக்ஸ் கோச் வேலைக்குக் கூப்பிட்டுது. ஆனா அதுக்குத் தேவையான டிப்ளமா அவர்கிட்ட இல்ல. சரின்னு 'டெக்னிக்கல் டைரக்டர்'னு பேர் போட்டு உள்ள கொண்டுவந்தாங்க. டிகிரி பார்த்தே ரெஸ்யூமேவை ஒதுக்குற நம்ம ஐடி ஆளுங்க கவனிக்கணும். 1987ல கப் வின்னர்ஸ் கப் வந்துச்சு. பிறகு பார்சிலோனா, 1992ல வெம்ப்ளியில ஐரோப்பியக் கோப்பை. அந்த ஃபைனல்ல அவர் நடுக்களத்துல இறக்கின 21 வயசுப் பையன் பெப் கார்டியோலா.