ஆய்விதழ் வாசிப்பு வட்டம் (அறுவை மருத்துவம்)

பயிற்சி அறுவை மருத்துவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதன் முறையையும் முடிவையும் மூத்தவர் முன்னிலையில் அலசும் பயிற்சிக் கூட்டம். மருத்துவமனைகளில் 'ஜர்னல் கிளப்' என்பதே வழக்கு. கனடாவின் மாண்ட்ரியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் 1875-இல் வில்லியம் ஆஸ்லர் தொடங்கியதே முறையான முதல் வட்டம் எனப்படுகிறது.

மருந்தைவிட அறுவைச் சிகிச்சையைச் சோதிப்பது கடினம். மாத்திரைக்குப் போலி செய்யலாம். கத்திக்கு எளிதில் முடியாது. ஆகவே இத்துறையில் ஒப்பீட்டுக் குழு இல்லாத நோயாளித் தொகுப்புகளே நெடுங்காலம் சான்றாக நின்றன.

வட்டங்களில் வாசிக்கத் தகுந்த கட்டுரை, புரூஸ் மோஸ்லி குழுவினர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடத்தி 2002-இல் வெளியிட்ட முழங்கால் ஆய்வு. மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறி, மூட்டைக் கழுவும் ஓசை கேட்கும்படி உப்புநீரைத் தெளித்தார்கள். 2 ஆண்டுகள் கவனித்தும், உள்நோக்கிவழி உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் வலி இவர்களுடையதைவிடக் குறையவில்லை. பயிற்சி மருத்துவர் இங்கே நின்றுவிடக் கூடாது. எல்லோருக்கும் அறுவை செய்தவர் ஒரே மருத்துவர். பங்கேற்றோர் பெரும்பாலும் ஆண்கள். தகுதியுள்ளோரில் 44 விழுக்காட்டினர் சேர மறுத்தனர். இந்த முடிவு நம் நோயாளிக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்பதே பயிற்சியின் உயிர்.

வெறும் சுருக்கத்தை ஒப்பிக்கும் கூட்டம் இப்பெயருக்குத் தகுதியற்றது. இந்தியாவில் எம்.எஸ். பட்ட மேற்படிப்பிலும் இவ்வட்டம் பயிற்சியின் ஒரு பகுதி.