உலோக நானோத் துகள்: கரைசலில் பிறப்பும் வளர்ப்பும்

கரைசலிலுள்ள உலோக அயனிகள் எலெக்ட்ரானைப் பெற்று அணுக்களாகி, அவை கூடி 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான துகளாக வளரும் நிகழ்வு.

கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சிட்ரேட்டை ஊற்றினால் வெளிர்மஞ்சள் மறையும். சற்று நேரம் நிறமே இராது. பிறகு கருநீலம் தலைகாட்டி, சில நிமிடங்களில் மாதுளைச் சாறுபோலச் சிவக்கும். 1951-ல் டர்கெவிச் குழு விவரித்த முறை இது. தங்கத்தைச் சிவப்பாகப் பார்ப்பது முதல்முறை யாருக்கும் வியப்புதான். 1857-லேயே ஃபாரடே இந்தச் சிவப்புத் தங்கத்தை ஆராய்ந்திருந்தார்.

துகள்கள் ஏன் கிட்டத்தட்ட ஒரே அளவில் அமைகின்றன? கந்தகத் துகள்களை வைத்து 1950-ல் லாமெர் சொன்ன விளக்கம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. அணுக்களின் செறிவு ஒரு வரம்பைத் தாண்டியதும் கருக்கள் சட்டென ஒரே வீச்சில் பிறக்கின்றன. செறிவு சரிய, புதுக் கரு பிறக்காமல் பிறந்தவை மட்டும் வளர்கின்றன. எல்லா உலோகத்துக்கும் இது அப்படியே பொருந்துவதில்லை.

சிட்ரேட் துகளைப் போர்த்தி, எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி வைக்கிறது. போர்வை விலகினால் துகள்கள் திரண்டு, சிவப்பு நீலமாகும். சென்னை ஐஐடியில் பிரதீப் குழு 2003-ல் எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்தைக் கண்டறிய இந்த நிறமாற்றத்தைத்தான் பயன்படுத்தியது. ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட் போன்ற காய்கறிச் சந்தைகளுக்குப் பூச்சிமருந்து எச்சம் தீராத தலைவலி.

ஆய்வகச் சிட்ரேட்டுக்குப் பதில் இலைச்சாறும் போதும். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு 2004-ல் வேப்பிலைச் சாற்றால் வெள்ளி, தங்கத் துகள்களை உருவாக்கியது. ஒட்டன்சத்திரத்தில் கட்டுக்கட்டாக ஏலம் போகும் முருங்கையின் இலைச்சாறும் வெள்ளி நைட்ரேட்டைப் பழுப்பாக்கும்.