கூலிக்குத் துப்பறிந்தவர்கள்

அமெரிக்காவின் கரடுமுரடான துப்பறியும் கதைகளுக்கு அடையாளம் துப்பாக்கியும் விஸ்கியும் என்பார்கள். அவற்றைவிட முக்கியம் சம்பளம். 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவு இதழில் 1923இல் டாஷியல் ஹாமெட் உருவாக்கிய நாயகனுக்குப் பெயரே கிடையாது. குள்ளமான, தடித்த, நடுவயது ஆள்; சான் பிரான்சிஸ்கோவில் ஒரு துப்பறியும் நிறுவனத்தின் ஊழியர். ஆட்களைப் பின்தொடர்வார், வாசலில் காத்துக் கிடப்பார், மேலதிகாரிக்கு அறிக்கை எழுதுவார். ஹாமெட்டே பிங்கர்ட்டன் நிறுவனத்தில் அந்த வேலை பார்த்தவர். கதைகளின் வறண்ட நடையில் அலுவலக அறிக்கையின் வாடை அடிக்கிறது.

அதே ஆண்டு, அவருக்குச் சில மாதங்கள் முன்பே, கரோல் ஜான் டேலி இவ்வகைக் கதையைத் தொடங்கிவிட்டாரே, அவர் துப்பறிவாளராக இருந்ததில்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் டேலியின் நாயகன் சுடுவான். யாரைச் சுடுவது என்பதில் அவனுக்குக் குழப்பமே வராது. ஹாமெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' (1929) நாவலிலோ, ரவுடிகள் பிடியிலுள்ள ஊரைச் சுத்தம் செய்யப் பணம் தரும் முதலாளியேதான் வேலைநிறுத்தத்தை உடைக்க அந்த ரவுடிகளை வரவழைத்தவர். போலீசும் கள்ளச்சாராயக் கும்பலும் கைகோத்த மதுவிலக்குக் கால நகரங்களில் வாழ்ந்த வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது. ரேமண்ட் சாண்ட்லரின் 'தி பிக் ஸ்லீப்' (1939) நாவலிலும் இதே சிக்கல்தான்: துப்பறிவாளர் மார்லோவுக்கு நாளுக்கு 25 டாலர் கூலி, செலவு தனி, தேடிப் போனால் கொலைகாரி, கூலி கொடுத்த கிழவரின் மகள்.