சாலையை விட்டுப் பிரிந்த வேகம்

மோட்டார் கார் தோன்றிய நாள்தொட்டே மனிதன் அதன் வேகத்தை அளந்து வருகிறான். அளக்கும் ஆசையில் பிழை இல்லை. எங்கே நின்று அளப்பது என்பதில்தான் அவன் நெடுநாள் தடுமாறினான். கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் இளைஞர் சிலர், தாம் அன்றாடம் ஓட்டும் காரிலேயே சிறு மாற்றங்கள் செய்து, ஓய்வு நாளில் ஓடுகளத்துக்கு எடுத்துச் சென்று, ஒரு சுற்றை எத்தனை விநாடியில் முடித்தோம் என்று பார்த்து மகிழ்கிறார்கள். பரிசுக் கோப்பை கிடையாது. நேற்றைய தம் நேரத்தையே இன்று வெல்ல முயல்கிறார்கள். இந்தச் சுற்று நேரம் என்னும் அளவை எவ்வாறு பிறந்தது, நம் பக்கம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தொடக்கத்தில் பந்தயங்கள் ஊருக்கு ஊர் பொதுச் சாலையிலேயே நடைபெற்றன. 1903ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரிலிருந்து மாட்ரிட் நகருக்கு ஒரு பெரும் பந்தயம் புறப்பட்டது. புழுதி எழும்பி வழியை மறைத்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சாலையிலேயே நின்றது. ஓட்டியவர்களிலும் பார்த்தவர்களிலும் பலர் மாண்டனர். ரெனோ கார்த் தொழிலை நிறுவிய உடன்பிறந்தாருள் ஒருவரான மார்செல் ரெனோவும் அவர்களுள் ஒருவர். வண்டிகள் போர்தோ நகரை அடைந்ததும் அரசு தலையிட்டுப் பந்தயத்தை நிறுத்திவிட்டது. மாட்ரிட் நகரை எவரும் எட்டவில்லை.

இதன்பின்தான் வேகத்துக்குத் தனியிடம் வேண்டும் என்னும் எண்ணம் உறுதிப்பட்டது. இங்கிலாந்தில் அப்போது சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் செல்லச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே 1907இல் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் பந்தயத்துக்கென்றே ஒரு களம் அமைத்தனர். புறப்பட்ட இடத்துக்கே வண்டி திரும்பி வருகிறபோது நேரம் என்பது ஒப்பிடத்தக்க பொருளாகிவிடுகிறது. அதே வளைவு, அதே தொலைவு, அதே தரை. மாறுவது வண்டியும் அதை ஓட்டுபவனுமே. சுற்று நேரம் இவ்வாறு பிறந்தது என்று நான் கருதுகிறேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது உலகெங்கும் ஆளற்ற விமானத் தளங்கள் மிஞ்சின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தளம் 1948இல் பந்தயக் களமாயிற்று. நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் அத்தகைய போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1950களிலிருந்து அங்கே பந்தயங்கள் நடைபெறலாயின. வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யக் கடுங்கட்டுப்பாடு இருந்த காலம் அது. பெருஞ்செல்வர் சிலரிடம் உயர்ந்த பந்தய வண்டிகள் இருந்தன. மற்றையோர்க்கு ஃபியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் வீட்டுக் கார்களே கதி. அவற்றின் இருக்கைகளைக் கழற்றி எடை குறைத்தனர், எஞ்சின் தலையைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினர், கார்புரேட்டரை மாற்றினர். கிடைக்காத பாகத்தைக் கடைசல் பட்டறையில் செய்துகொண்டனர். தட்டுப்பாடு அவர்களைப் பொறியாளர்கள் ஆக்கிற்று என்றால் மிகையன்று.

பட்டறை என்றதும் கொங்கு நாடு நினைவுக்கு வருவது இயல்பு. கோயம்புத்தூரில் 1888இலேயே நூற்பாலை எழுந்தது. ஆலையைச் சுற்றி வார்ப்படச் சாலையும் கடைசல் இயந்திரமும் பெருகின. 1937இல் ஜி. டி. நாயுடு அவர்களின் முயற்சியால் இந்தியாவின் முதல் மின்மோட்டார் இங்கே உருவாயிற்று. இத்தகைய மண்ணில் ஓர் ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர் எஸ். கரிவரதன் அவர்கள். சோழவரத்தில் பந்தயம் ஓட்டிப் புகழ்பெற்ற அவர், அந்தப் புகழோடு அமைந்திருக்கலாம். அவ்வாறு அமையவில்லை. 1983இல் வெளிவந்த மாருதி 800, நடுத்தரக் குடும்பத்தின் வண்டி. 800 கன சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த மூன்று உருளை எஞ்சின் அதனுடையது. அந்தச் சிறு எஞ்சினைக் கொண்டே ஒருவர் அமரும் பந்தயக் கார்களை 1980களின் இறுதியில் அவர் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அவற்றுக்குப் பெயர். எல்லாருடைய காரும் ஏறக்குறைய ஒன்றே என்றால், வெல்பவன் பணத்தால் வென்றான் என்று சொல்ல இயலாதன்றோ? கரிவரதன் செய்தவற்றுள் இதையே தலையாயதாக மதிக்கிறேன். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அவர்கள் இளமையில் அத்தகைய காரில் பழகியவர். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

சோழவரத்துக்குப் பின் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள களம் அமைந்தது. கரிவரதன் 1995இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். அவர் பெயரால் 2003இல் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. அதன் சுற்று ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர்.

அந்தத் தொலைவை வைத்துக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். சராசரி 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு சுற்றுக்கு 84 விநாடி ஆகும். சராசரி 91 ஆனால் 83 விநாடி. அந்த ஒரு விநாடியை எங்கே தேடுவது? எஞ்சினில் என்றுதான் புதியவர் எல்லாரும் நினைக்கின்றனர். 300 மீட்டர் நேர்வழியை 120 கிலோமீட்டர் வேகத்துக்குப் பதில் 130இல் கடந்தால் 0.7 விநாடி மிஞ்சும். 100 மீட்டர் வளைவை 50க்குப் பதில் 55இல் கடந்தாலும் ஏறக்குறைய அதே 0.7 விநாடி மிஞ்சும். ஆனால் வளைவில் வேகம் பத்தில் ஒரு பங்கு கூட, டயரின் பிடிமானம் நூற்றுக்கு 21 பங்கு கூடவேண்டும். ஏனெனில் தேவைப்படும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்கிறது. ஆகவே நல்ல டயரும், குறைந்த எடையும், வளைவின் உட்புறத்தை எந்த இடத்தில் தொடுவது என்னும் அறிவுமே குதிரைத்திறனைவிடப் பெரிதும் உதவுகின்றன.

திருப்பூர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. வட்டப் பின்னல் இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் உண்டு. ஒன்று வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் குறை விழுந்து, துணி நெடுக ஒரு கோடாக நிற்கும். ஓட்டுவோனின் தவறும் அப்படியே. தவறிய வளைவு, சுற்றுதோறும் அதே நேரத்தை அவனிடமிருந்து பறித்துக்கொள்ளும்.

பிரேக்கைப் பற்றியும் ஒரு சொல். வேகம் இரட்டித்தால் அடக்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அத்தனையும் வெப்பமாக மாறுகிறது. சாலைக்கென்று ஊற்றிய பிரேக் திரவம் சில சுற்றுகளிலேயே கொதித்துக் குமிழி விடக்கூடும். குமிழி அமுங்கும், மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நிற்காது. எனவே விவரம் அறிந்தவர்கள் எஞ்சினைத் தொடுமுன் பிரேக் திரவத்தையே மாற்றுகின்றனர்.

முன்னாளில் கைக்கடிகாரம் பிடித்தவனின் விரலே நேரத்தைத் தீர்மானித்தது. இந்நாளில் காரில் பொருத்திய சிறு கருவி, கோட்டைக் கடக்கும்போது தரையில் புதைத்த கம்பிக்குச் செய்தி சொல்கிறது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை பதிவாகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் கார் நகர்வது மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றமென்கிறது. பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதற்கும் எல்லை வகுக்கிறது. ஆகவே சொந்தக் காரில் வருவோர் பலர், டயர், பிரேக் பட்டை, பிரேக் திரவம் என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். மாலையில் அதே காரில்தான் பல்லடம் சாலையில், நூல் மூட்டை ஏற்றிய லாரிகளின் பின்னால், மணிக்கு 40 கிலோமீட்டரில் வீடு திரும்பவேண்டும்.